திரிந்த பாலும் திரண்ட பாலும்

இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தமக்கையின் வீட்டில் சென்ற மாதம் ஒரு சிறு யுத்தம் மூண்டது. பாத்திரங்கள் பறக்கவில்லை, குரல்கூட உயரவில்லை. மாமியாரும் மருமகளும் மிகுந்த மரியாதையுடன் பேசிக்கொண்டார்கள். அதிலிருந்துதான் அது யுத்தம் என்று எனக்குத் தெரிந்தது.

யுத்தத்துக்குக் காரணமான பொருளைக் கொண்டுபோனவன் நானே. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றபோது வழக்கம்போல் இறங்கி அரை கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டேன். பிறந்த ஊரைத் தாண்டிப் போகிறவன் அக்காவுக்கு அதுகூட வாங்கவில்லை என்றால் எந்த முகத்தோடு படியேறுவது? அக்காவின் பேரனுக்கு எட்டு வயது. நாற்பத்தைந்து வயதில் என்னைத் "தாத்தா" என்று கூப்பிட இவ்வுலகில் உரிமை பெற்றவன் அவன் ஒருவன்தான். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு விள்ளல் எடுத்து, அவன் உள்ளங்கையில் வைக்கப் போனேன்.

"வேண்டாம் மாமா, அவனுக்குப் பால் சேராது. டாக்டர் சொல்லியிருக்கார்" என்று மருமகள் வந்து தடுத்தாள்.

பையன் என் கையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். பால் குடித்தாலும் பால் பலகாரம் தின்றாலும் வயிறு உப்பி இரவெல்லாம் அழுகிறானாம். அக்கா அடுப்படியிலிருந்து பேசினாள். என்னிடம் பேசுவதுபோல் மருமகளிடம் பேசினாள். "கேட்டுக்கோ தம்பி. ஆண்டாள் கோயில் வாசல்ல பிறந்தவ பேரனுக்குப் பால்கோவா ஆகாதாம். பசும்பால் ஆகாது, சீனாக்காரன் திரிச்ச பால் ஆகுமாம்."

சீனாக்காரன் திரித்த பால் அப்போது ஒரு தட்டில் வந்தது. சோழி அளவில் பொன்னிறமான கட்டிகள், ஓரங்களில் கருஞ்சிவப்பு, மேலே மிளகுத்தூளும் கறிவேப்பிலையும். பையன் ஒன்றை எடுத்துக் கடித்தான். முறுக்குக் கடிக்கும் சப்தம் கேட்டது. நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பெயர் டோஃபு என்றாள் மருமகள். எண்ணெயில் பொரிக்கவில்லை, ஓவனில் சுட்டது.

இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்பதுபோல் பார்த்தார்கள். கதை எழுதுகிறவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று மழுப்பிவிட்டேன். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சங்கதி என்னை விடவில்லை. ஒரே மேசைமேல் இரண்டு பண்டங்கள்: ஒன்று பாலைத் திரித்துச் செய்தது, மற்றொன்று பாலைத் திரட்டிச் செய்தது. மூன்றெழுத்துத்தான் வித்தியாசம். அதற்குள் எத்தனை தேசங்களின் சரித்திரம் அடங்கியிருக்கிறது!

முதலில் சீனாக்காரனுக்கு நியாயம் வழங்கிவிடுவோம். டோஃபு ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ அல்ல. சோயா மொச்சையை இரவு ஊறவைத்து, அரைத்து, நீர் விட்டுக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினால் பால்போல ஒரு திரவம் வருகிறது. அதில் உறைப்பொருள் சேர்த்தால் திரிகிறது. திரிந்ததைத் துணியில் கட்டிப் பாரம் வைத்தால் கட்டியாகிறது. கி.மு. 122-ல் மாண்ட லியூ ஆன் என்ற சிற்றரசன் இதைக் கண்டுபிடித்தான் என்பது சீனத்து ஐதிகம். ஐதிகத்தை விட்டுவிட்டு எழுத்துச் சான்றைத் தேடினால், டோஃபுவின் பெயர் முதலில் வருவது கி.பி. 965-ஐ ஒட்டி தாவ் கு என்பவர் எழுதிய நூலில். அரசன் தலையில் ஒரு கண்டுபிடிப்பைச் சூட்டிவிடுவதில் நாம் மட்டும் வல்லவர்கள் அல்லர் என்பது ஆறுதலாக இருக்கிறது. ஆயிரம் வருஷம் முந்தி ஏதோ ஒரு சமையற்கட்டில் யாரோ ஒருத்தி மொச்சைப் பாலில் தவறிப்போய் உப்புக் கழிவைக் கொட்டியிருப்பாள் என்றுதான் என் கதைக்காரப் புத்தி சொல்கிறது.

உப்புக் கழிவு என்று சும்மா சொல்லவில்லை. கடல்நீரைப் பாத்தி கட்டி உப்பாக்கும்போது, உப்பு விளைந்த பிறகு கசப்பான நீர் ஒன்று மிஞ்சும். மக்னீசியம் குளோரைடு நிறைந்தது. ஜப்பானியர் அதை 'நிகரி' என்று அழைத்து டோஃபு உறையவைக்கப் பயன்படுத்துகிறார்கள். சீனர்கள் பல இடங்களில் ஜிப்சத்தைப் பொடித்துச் சேர்க்கிறார்கள். அந்தக் கசப்பு நீர் தூத்துக்குடி உப்பளங்களிலும் மிஞ்சத்தான் செய்கிறது. மொச்சை நம்மிடம் ஏராளம், உறைப்பொருளும் அதிக தூரத்தில் இல்லை. ஆனாலும் நம் பாட்டிமார் யாரும் மொச்சைப் பாலைத் திரிக்கவில்லை.

மேல்நாட்டவருக்கு இது எப்படித் தெரிந்தது என்பது ஒரு வேடிக்கை. பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தாரே பெஞ்சமின் பிராங்க்ளின், அவர் 1770 ஜனவரியில் லண்டனிலிருந்து தம் நண்பர் ஜான் பார்ட்ராமுக்கு எழுதிய கடிதத்தில், சீனர்கள் ஒருவகை மொச்சையிலிருந்து பாலாடைக்கட்டி செய்கிறார்களாமே என்று வியந்து, விதைகளையும் அனுப்பி வைத்தார். தமிழர்களுக்கு அவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியிருக்கவில்லை. மலாயாவுக்குப் போனவர்கள் சீனர் கடையில் நேரே கண்டு தின்றார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தள்ளுவண்டியில் விற்றுப் புகழ்பெற்ற 'பசம்பூர்' என்ற பண்டத்தில் பொரித்த டோஃபு இல்லாமல் இராது. அங்கே அதற்குப் பெயர் 'தவ்ஹு'. கப்பலேறிய தமிழன் தின்று பழகியதை ஊரிலிருந்த தமிழன் ஏன் அறியாமலே இருந்தான்?

நாம் பால் திரிவதற்குப் பயந்தவர்கள். புது வீட்டில் முதலில் செய்யும் காரியம் பால் காய்ச்சுவது. அது பொங்கி வழிய வேண்டும். திரிந்துவிட்டால் வீட்டுக்காரியின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். தயிருக்கு உறைகுத்துவதில் தோஷமில்லை. கொதிக்கிற பால் உடைவதுதான் அபசகுனம். வடநாட்டிலும் பெரும்பாலான பிரதேசங்களில் இந்தக் கூச்சம் இருந்தது. வங்காளிகளோ பாலைப் புளிப்பு விட்டு உடைத்துச் சேனா எடுத்து ரஸகுல்லாவும் சந்தேஷும் செய்தார்கள். அந்தத் துணிச்சல் பதினேழாம் நூற்றாண்டில் ஹூக்ளிக் கரையில் குடியேறிய போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது என்பது உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயாவின் கருத்து.

நாம் திரிக்கவில்லை, திரட்டினோம். பாலில் நூறு பங்குக்குச் சுமார் எண்பத்தேழு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை நெருப்பால் விரட்டினால் மிஞ்சுவது திரட்டுப்பால். என்ன அழகான தமிழ்ப் பெயர்! கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் திரட்டுப்பால் வைப்பது பல வீடுகளில் வழக்கம். அக்காவின் சீமந்தத்துக்கு எங்கள் அம்மா ஆறு லிட்டர் பாலை உருளியில் ஊற்றி, விறகடுப்பின் முன்னால் விடியற்காலை உட்கார்ந்தவள், வெயில் முற்றத்துக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. இடையில் ஒரு நிமிஷம் கரண்டியை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் அத்தனை பாலும் புகைநாற்றம். அன்று இரவு அவள் வலது தோளில் தைலம் தேய்த்துவிட்டது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். திரட்டுப்பாலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதன் இனிப்பு ஞாபகத்துக்கு வருவதில்லை. அந்தத் தைலவாசனைதான் வருகிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஆண்டாள் காலத்திலிருந்தே இருந்துவருகிறது என்று நினைக்கிறவர்கள் பலர். அட்டைப் பெட்டியின்மேல் கோபுரப் படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பதினொரு நிலைக் கோபுரம். தமிழ்நாட்டு அரசின் சின்னத்திலும் இருப்பது. அதன் நிழலில் எதை விற்றாலும் ஆயிரம் வருஷப் பழமை தானே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆண்டாள் பாடியதில் பால்சோறு உண்டு, நெய் உண்டு, வெண்ணெய் உண்டு, அக்கார அடிசில் உண்டு. மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லிக்கு அக்கார அடிசில் செய்வது இன்றும் நடக்கிறது. பால்கோவா கிடையாது. பெயரே சாட்சி சொல்கிறது: 'கோவா' வடநாட்டுச் சொல். பாலை வற்றவைத்த கட்டிக்கு அங்கே 'கோயா' என்று பெயர். அதற்கு முன்னால் நாம் ஒரு 'பால்' சேர்த்துக்கொண்டோம். 'நடுசென்டர்' என்று சொல்வதைப் போலத்தான்.

1940-களில் வடநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் கோயிலுக்கு அருகே கடை போட்டு இதை ஆரம்பித்தார்கள் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. அம்மாவின் உருளியில் வருஷத்துக்கு ஒரு தடவை திரண்டது, அவர்களுடைய இரும்பு வாணலியில் தினமும் திரண்டது. இதற்குத் தோதாகச் சில காரியங்கள் முன்பே நடந்திருந்தன. மேற்கே மலையடிவாரம், மேய்ச்சலும் மாடும் உள்ள கிராமங்கள். 1927-ல் விருதுநகர் - தென்காசி ரயில் பாதை திறந்தது; சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில் எல்லாம் ஒரே தண்டவாளத்தில் கோக்கப்பட்டன. 1936-ல் இராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூல் ஆலை தொடங்கினார். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் பெருகினார்கள். ரயிலில் வருகிற யாத்ரீகர்கள், சம்பளக்காரர்கள், மிஞ்சுகிற பால் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் இனிப்புக் கடை வராமல் என்ன செய்யும்? பிற்பாடு பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமும் பால்கோவா செய்து விற்கத் தொடங்கியது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்து, வேறு ஊர்க்காரர் இந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. எண்பது வயதுகூட நிரம்பாத பண்டத்துக்கு இது பெரிய கௌரவம். அதனால் எனக்கு வருத்தமில்லை. ஆண்டாள் காலம் என்று சொல்லிவிட்டால் அந்த வாணலியின் முன் நின்றவர்கள் மறைந்துபோகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அப்படி நிற்கிற ஒருவரை இந்தத் தடவை போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் நீண்ட கூடம்; வரிசையாக அடுப்புகள். புளிய விறகுதான் விசேஷம் என்றார். நின்று சீராக எரியுமாம். ஒரு வாணலிக்குப் பத்து லிட்டர் பசும்பால், ஒன்றேகால் கிலோ சர்க்கரை. எருமைப்பால் கூடாது. கோவா வெளுப்பாக இறுகிவிடும். பசும்பாலில்தான் அந்த இளமஞ்சள் நிறமும் குழைவும் வரும். துடுப்புப் போன்ற நீண்ட கரண்டி வாணலியின் அடியை ஓயாமல் சுரண்டிக்கொண்டே இருக்கிறது. பால் கொதிக்கும்போது வேலை எளிது. கூழாகிக் 'களக் களக்' என்று தெறிக்க ஆரம்பிக்கும்போதுதான் கை பேச வேண்டும். அவருடைய முன்னங்கைகளில் தெறித்துச் சுட்ட தழும்புகள் அம்மைத் தழும்புபோல் இருந்தன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டர் பால் மூன்று கிலோ சொச்சமாகச் சுருங்கிற்று. "பதம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கரண்டி கனக்கும் சார்" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எந்தப் புஸ்தகத்திலும் இராது.

பத்து லிட்டர் மூன்று கிலோவாவதைக் கண்ணால் பார்க்கிறவனுக்கு ஒரு சங்கடமான கேள்வி எழும். பால் தட்டுப்பாடு இருந்த நாட்களில் இது அநியாயம் அல்லவா? அநியாயம்தான் என்று ஒரு ராஜாங்கமே சொல்லிற்று. 1965-ல் மேற்கு வங்காள முதல் மந்திரி பிரபுல்ல சந்திர சென், குழந்தைகளுக்குப் பால் இல்லை என்று சொல்லிச் சேனா இனிப்புகளுக்குத் தடை போட்டார். வங்காளிக்குச் சந்தேஷ் இல்லை என்றால் என்ன ஆகும்? 1967 தேர்தலில் அவர் தோற்றார். வேறு பல காரணங்களும் உண்டு. ஆயினும் இனிப்புக் கடைக்காரர்கள் அன்று துக்கம் கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

இதே கேள்விக்குக் காந்தியடிகள் வேறு பதில் தேடினார். பசும்பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டு, நோயில் விழுந்து, கடைசியில் ஆட்டுப்பாலில் வந்து நின்றவர் அவர். பால் வாங்க வழியில்லாத ஏழைக்கு என்ன வழி என்பது அவரை வாட்டியது. 1935-ல் வார்தாவில் மகன்வாடியில் உள்ளவர்களின் அன்றாட உணவில் சோயா மொச்சையைச் சேர்த்துச் சோதித்து, 'ஹரிஜன்' பத்திரிகையில் அதைப்பற்றி எழுதினார். கிராமக் கைத்தொழில் சங்கத்தை அங்கே நடத்திவந்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1927-ல் கதருக்காக இராஜபாளையத்துக்கு வந்த காந்தியை இந்தப் பக்கம் மறக்கவில்லை, ஊர்க்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்தவர், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கதர் வந்தது, மன்றம் வந்தது, சோயா மட்டும் வரவில்லை.

அது வந்தது வெகுகாலம் கழித்து, வேறு வாசல் வழியாக. 1960-களின் பிற்பகுதியில் பந்த்நகர், ஜபல்பூர் விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சோயாவைப் பரப்பின. மத்தியப் பிரதேசத்தில் வயல் வயலாக விளைந்தது. எதற்கு? எண்ணெய்க்கு. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சிய மாவைக் கடற்பஞ்சுபோல் உருட்டி விற்றார்கள். அதுதான் நம் கல்யாணக் குருமாவில் கறித்துண்டுபோல் வேஷம் போடும் 'மீல்மேக்கர்'. ஒரு கம்பெனி வைத்த பெயர் பண்டத்தின் பெயராகவே ஆகிவிட்டது. காந்தி ஏழைக்குப் பாலாகக் கொண்டுவர நினைத்தது கசாப்புக்கடைக்குப் பதிலியாக வந்து சேர்ந்தது! டோஃபு அதற்கும் பின்னால், நகரத்துப் பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் உட்கார்ந்து, ஏழைக்கு எட்டாத பண்டமாக இறங்கியது.

பையனின் வயிற்றுக்கு வருகிறேன். பாலில் ஒரு சர்க்கரை உண்டு. லாக்டோஸ் என்று பெயர். பால்குடிக் குழந்தைகள் அநேகமாக எல்லோருக்கும் அதைச் செரிக்கும் சக்தி உண்டு. வளர வளரப் பெரும்பாலான மனிதர்களுக்கு அது குறைந்துவிடுகிறது. சீனா, ஜப்பான் பக்கத்தில் மிகப் பெரும்பாலோர் இப்படித்தான். இந்தியாவிலும் வடமேற்கே அந்தச் சக்தி நீடிக்கிறவர்கள் அதிகம். தெற்கே வர வர குறைவு. தயிரிலும் மோரிலும் அந்தச் சர்க்கரை ஓரளவு கரைந்துவிடுவதால் நாம் தப்பித்துவந்தோம். பால்கோவாவில் தப்ப வழியில்லை. தண்ணீர்தான் ஆவியாகிறது, சர்க்கரை அங்கேயே தங்குகிறது. பத்து லிட்டர் பாலில் உள்ள கிட்டத்தட்ட அரைக் கிலோ லாக்டோஸ் மூன்று கிலோப் பண்டத்தில் அடைந்து கிடக்கிறது. மருமகள் சொன்னது சரி. பால் அதிகம் பருகும் வடநாட்டார் கொண்டுவந்த பண்டம் தெற்கத்திப் பிள்ளை வயிற்றில் முரண்டு பிடிக்கிறது. பால் குடிக்காத சீனர் பண்டம் அதே வயிற்றில் சமர்த்தாகப் படுத்துக்கொள்கிறது. அக்காவிடம் டெலிபோனில் இவ்வளவும் விளக்கினேன். "அப்போ ஆண்டாளுக்கும் பால்கோவாவுக்கும் சம்பந்தமில்லையா?" என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. இல்லை என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

சென்ற வாரம் மறுபடியும் இராஜபாளையம் போக நேர்ந்தது. அடுப்படியில் அக்காதான் இருந்தாள். கடை டோஃபு புளித்த வாடை அடிக்கிறது, விலையும் அநியாயம், வீட்டிலேயே செய்தால் என்ன என்று அவளே ஆரம்பித்தாளாம். இரவு ஊறிய கால்கிலோ சோயாவைக் கிரைண்டரில் ஆட்டி, தோசைமாவுபோல் நீர்க்கக் கரைத்து, கொதிக்கவைத்து வடிகட்டியிருந்தாள். பச்சையாக விட்டால் மொச்சைநாற்றம் போகாது, வயிற்றுக்கும் ஆகாது; நன்றாகக் கொதிக்க வேண்டும். அடியில் பிடிக்கும் சுபாவம் இந்தப் பாலுக்கும் உண்டு; கரண்டியை அவள் நிறுத்தவில்லை. பிறகு அடுப்பை அணைத்து, எலுமிச்சம் சாற்றை வெந்நீரில் கலந்து கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"நீயே ஊத்தும்மா" என்று கிண்ணத்தை மருமகளிடம் நீட்டினாள். நாற்பது வருஷமாகப் பால் திரியாமல் காத்த கை. அதைச் சொல்லிக் குற்றமில்லை.

மருமகள் ஊற்றினாள். பால் உடைந்து, வெள்ளை மேகங்கள் மஞ்சள் நீரில் மிதந்தன. பழைய வேஷ்டித் துணியில் அதைக் கட்டி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள் அக்கா. மிக்ஸி வந்த நாளிலிருந்து கொல்லையில் சும்மா கிடந்த குழவி. அரை மணி கழித்துப் பிரித்தால் பாளம்போல் இருந்தது. துண்டு போட்டு, துணியால் ஒற்றி, ஒரு ஸ்பூன் எண்ணெய், உப்பு, மிளகு, இரண்டு ஸ்பூன் மக்காச்சோள மாவு போட்டுப் பிசிறி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 200 டிகிரியில் அரை மணி நேரம். நடுவில் ஒரு தடவை புரட்ட வேண்டும். நீர் இருக்கும்வரை எந்தப் பண்டமும் சிவக்காது. மேற்பரப்பு காய்ந்த பிறகே நிறமும் மொறுமொறுப்பும் வரும். வாணலிக்காரருக்கும் இதுதான் சூத்திரம். அவர் கையால் செய்கிறார், இங்கே ஒரு பெட்டி செய்கிறது.

அக்காவுக்குப் பெட்டியின்மேல் நம்பிக்கை வரவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே விளக்கு எரிய, கட்டிகள் மெல்ல நிறம் மாறுவதைப் பார்த்தபடி, வலது கை மடியில் தானாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பையன் வந்து அவள் தோளில் சாய்ந்து, "ஆச்சா பாட்டி?" என்றான்.

"இரு, இன்னும் கனக்கலை" என்றாள் அக்கா.